அதிர்வுண்ணி

கோவையில் சாலைப் பள்ளங்களைப் பற்றி யாரும் புகார் சொல்லி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளங்கள் எங்கும் போய்விடவில்லை. அதிர்வுண்ணி பொருத்திய கார்களில் போகிறவர்களுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். காரின் முன்னால் இருக்கும் கேமராக் கண் சாலையைப் பார்த்துக்கொண்டே வரும். மேடோ பள்ளமோ வந்தால், அதிர்வுண்ணி சக்கரத்தை மட்டும் அந்த அளவுக்கு ஏற்றி இறக்கும். உள்ளே கையில் பிடித்திருக்கும் டீ தளும்பாது.

பீளமேட்டில் பட்டறை வைத்திருந்த சென்னியப்பன், கார்களைத் தரையோடு தாழ்த்திக் கொடுப்பதில் பெயர் பெற்றவர். ஒரு ஜூன் மாதக் காலையில் யாழிசை தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் கொண்டுவந்தாள். கார்ப் பந்தயங்களில் ஓட்டியவள். ஒரு விபத்தில் முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நொறுங்கி, திருகாணி வைத்துச் சேர்த்திருந்தார்கள். ஆறு வருடங்களாக அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்தக் காரையும் தம்பிதான் ஓட்டிவந்தான்.

சென்னியப்பன் மூன்று ஜோடி ஸ்பிரிங்குகளை மேசைமேல் நிறுத்தினார். அவள் நடுவில் இருந்ததை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள்.

“முப்பது மில்லி எறக்கிடலாம்ங்ணா. வளைவுல வண்டி சாயக் கூடாது.”

“எறக்கறது பெருசில்ல அம்மணி. ஸ்பிரிங் குட்டையாச்சுன்னா அமுங்க எடம் கம்மி. அதுக்குச் சாதா ஷாக் அப்சார்பர் போட்டா, ஒவ்வொரு குழியும் நேரா உங்க முதுகுலதான் வந்து எறங்கும்.”

“அப்ப அதிர்வுண்ணியே போடுங்க. ஆனா அதிர்வுல கால்வாசி உள்ள வரட்டும். ரோடு எப்படி இருக்குதுன்னு ஒடம்புக்குத் தெரியணும்ங்ணா. இல்லாட்டி ஓட்டற மாதிரியே இருக்காது.”

அவளுடைய மருத்துவரின் கடிதத்தை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். “வேண்டாம் அம்மணி. முழுசாவே வெச்சுடறேன். ஒரு தடவை பட்டதே போதும்.”

அவள் ஸ்பிரிங்கை மேசையில் வைத்துவிட்டுச் சரி என்றாள். வேலை முடிந்ததும் அவிநாசி சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் திரும்பியபோது அவள் கண்கள் கலங்கியிருந்தன. “வலிக்கவே இல்லைங்ணா” என்றாள். அன்று முழுவதும் சென்னியப்பனுக்கு மனசு நிறைவாக இருந்தது.

செப்டம்பரில் கார் பராமரிப்புக்கு வந்தது. விழுங்கிய ஒவ்வொரு அதிர்வையும் அதிர்வுண்ணி பதிந்து வைக்கும். சாலை வரைபடத்தில் இருக்கும் மேடு பள்ளங்களுக்குப் பெயர் இருக்கும்; அதில் இல்லாததை ‘அறியாத மேடு’ என்று குறிக்கும். சென்னியப்பன் பதிவுகளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நின்றார். ஆகஸ்ட் எட்டு, மாலை ஆறு பத்து. ஆனைகட்டி சாலை, மூன்றாவது வளைவு. இடது சக்கரங்கள். அறியாத மேடு. உயரம் ஒன்பது சென்டிமீட்டர். மென்மையானது. முழுவதும் உண்ணப்பட்டது.

அந்த வளைவில் ஒரு காவலாளி செத்துக் கிடந்த செய்தியை அவர் படித்திருந்தார். ஏற்றிய வண்டி எதுவென்று போலீசுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் பதிவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்த ஒரு வரியை அழித்துவிடுவது அவருக்குச் சுலபம். மூன்றாம் நாள் யாழிசையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் அதைப் பல முறை படித்தாள். “தூறல் போட்டுட்டு இருந்துச்சு. ஓரத்துல கருப்பா ஒரு தார்ப்பாய் கெடந்துச்சுங்ணா. ஒதுங்கித்தான் போனேன். நுனியில ஏறிட்டமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா ஒண்ணுமே தெரியலையே. அதனால தார்ப்பாய்தான்னு…”

அது காவலாளி குழந்தைவேலுவின் மழைக்கோட்டு. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய சைக்கிள் ஒரு பள்ளத்தில் விழுந்து, அவர் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தார். காரின் சக்கரங்கள் காலின்மேல் ஏறி இறங்கின. நாற்பது நிமிடம் ரத்தம் போயிருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் யாராவது நிறுத்தி ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவ அறிக்கை சொன்னது.

யாழிசை தானாகவே போலீசுக்குப் போனாள். அறிந்து செய்ததல்ல என்று நீதிமன்றம் அவளை விட்டுவிட்டது. கருவி குறையேதுமின்றி வேலை செய்திருக்கிறது என்று அதைத் தயாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மையும்கூட.

குழந்தைவேலுவின் மனைவி பாப்பாத்தியைப் பார்க்க யாழிசை போனபோது சென்னியப்பனும் உடன் போனார். பாப்பாத்தி சத்தம் போடவில்லை. இருவரையும் உட்காரச் சொன்னாள்.

“வண்டி ஏறுனது உனக்குத் தெரியவே இல்லியா கண்ணு?”

“தெரியலைங்கக்கா.”

“தெரிஞ்சே ஓடிப் போயிருந்தீன்னா, உன்னைச் சபிச்சுட்டாவது உக்காந்திருப்பேன். இப்ப நான் யாரைச் சபிக்கிறது?”

‘என்னை’ என்று சொல்லச் சென்னியப்பன் வாயெடுத்தார். சொல்லாமல் எழுந்து கும்பிட்டார்.

திரும்பும் பேருந்தில் யாழிசை, “அந்தக் கால்வாசி மட்டும் உள்ள வந்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். மறுநாள் சென்னியப்பனிடம் சேர்க்கச் சொல்லித் தம்பியிடம் கார்ச் சாவியைக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் பட்டறைப் பக்கம் வரவேயில்லை.

வழக்கு ஊரெங்கும் பேசப்பட்டதால் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அறியாத மேட்டில் ஏறினால், அதிர்வுண்ணி எல்லா இருக்கைகளிலும் ஒரு முறை தட்ட வேண்டும். நிறுத்திப் பார்ப்பது ஓட்டுநரின் பொறுப்பு. ஜனவரியில் எல்லாக் கார்களுக்கும் தட்டல் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், சென்னியப்பன் முன்பு தாழ்த்திக் கொடுத்த நீலக் காரோடு ஓர் இளைஞன் வந்தான். பின்னிருக்கையில் அவன் மனைவி, மடியில் தூங்கும் குழந்தையோடு இருந்தாள்.

“இந்தத் தட்டலை நிறுத்திக் குடுங்ணா. பாப்பா தூக்கத்துல பயந்து முழிச்சுக்குது.”

சென்னியப்பன் பதிவைத் திறந்து பார்த்தார். இரண்டு வாரத்தில் இருபத்து மூன்று தட்டல்கள்.

“எத்தனை தடவை நிறுத்திப் பாத்தீங்க தம்பி?”

“எதுக்குங்ணா? குப்பைக் கவரு, செருப்பு, அப்படி ஏதாச்சும்தான் கெடக்கும்.”

“பாத்தீங்களா?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“முடியாது தம்பி” என்றார் சென்னியப்பன். அவன் கோபப்படவில்லை. எதிர்ப் பட்டறையில் காரைக் கொண்டுபோய் விட்டான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து கார் சத்தமில்லாமல் போனது.

சென்னியப்பன் அந்த இருபத்து மூன்று இடங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பட்டறையைப் பூட்டிவிட்டு, வடவள்ளிப் பேருந்தில் ஏறினார். முதல் இடத்தில் இறங்கிச் சாலையோரப் புல்லை இரு பக்கமும் விலக்கித் தேடினார். நசுங்கிய தென்னை மட்டை ஒன்று கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை.

தாளில் அந்த வரியை அடித்தார். அடுத்த இடம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வெயிலில் நடக்க ஆரம்பித்தார்.