பின்னால் நிற்பவர்

வெளியே நெப்ராஸ்காவின் ஆகஸ்ட் வெயில் சோளக்காட்டை வறுத்துக்கொண்டிருந்தது. விமான நிலையத்தின் ரேடார் அறைக்குள் மார்லிஸ் காலடி வைத்ததும் நடுப்பகலே இருட்டிவிட்டது. திரைகளின் பச்சை வெளிச்சத்தைத் தவிர அங்கே விளக்கே போடுவதில்லை.

மூன்றாவது திரையருகே புதினா கலந்த புகையிலை வாடை.

"யாரு இங்க புகையிலை போடுறது?"

அடுத்த திரையில் இருந்த கோரா குரலைத் தாழ்த்தினாள். "வெண்டல் போடுவாரு. செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இதே நாற்காலியிலதான் அவருக்கு டீல் விழுந்துச்சு."

டீலாம்! இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி கைநழுவுவதற்கு இந்தப் பிழைப்புக்காரர்கள் வைத்த செல்லப்பெயர், ஏதோ பழைய கார் பேரம் பேசினாற்போல. அன்று பயணிகள் பிழைத்தார்கள். வெண்டலுக்குத்தான் வேலை போயிற்று, குடும்பம் போயிற்று, பிறகு உயிரும் போயிற்று.

மார்லிஸ் ஏற்கெனவே ஓர் ஊரில் பயிற்சியில் தேறாமல் வந்தவள். இங்கும் ஒரு டீல் விழுந்தால் நேரே வீட்டுக்குத்தான்.

மேற்பார்வையாளன் ட்வேன் மூன்றாவது திரையின் இருக்கையை விட்டு எழுந்தான். எழுபவர் திரையிலுள்ள விமானங்களை ஒலிப்பதிவில் ஏறும்படி சொல்லி ஒப்படைத்துவிட்டு, இரண்டாவது செவிக்கருவியை மாட்டி, வந்தவளின் பின்னால் சற்று நேரம் நிற்கவேண்டும். அதுதான் முறை. ட்வேன் கருவியைக் கழற்றிவிட்டு வெறும் வாயால் ஐந்து விமானங்களைச் சொன்னான்.

"அவ்வளவுதான். காப்பி குடிச்சிட்டு வரேன்."

"பின்னால நிக்கணுமே, சார்?"

"உனக்கு ஆயா வேலை பாக்கவா எனக்குச் சம்பளம்?"

போய்விட்டான்.

மார்லிஸ் உட்கார்ந்து, ஒரு பயணிகள் விமானத்தை ஐயாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னாள்.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

புகையிலை வாடை காதோரம் வந்தது.

"பேரில்லாத புள்ளி," என்றது செவிக்கருவிக்குள் ஒரு கரகரத்த குரல். "அதுவும் ஐயாயிரத்துலதான் வருது."

பார்த்தாள். ஐயோ! பெயர் அழிந்துபோன ஒரு சின்னப் புள்ளி, ஆறாவது விமானம். ட்வேன் அதைச் சொல்லவே இல்லை.

"இறங்காதீங்க! உடனே மேல ஏறுங்க!" என்று விமானியிடம் கத்தினாள்.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி, பிரிந்தன. மனிதர்கள் பிழைத்தார்கள். ஆனால் இடைவெளி ஐந்நூறு அடிக்கும் கீழே போய்விட்டது, டீல்தான். எச்சரிக்கை மணி அலறியது.

காப்பிக் கோப்பையுடன் ஓடிவந்தான் ட்வேன்.

"ஆறுன்னு சொன்னேனே! காதுல என்ன பஞ்சா வச்சிருந்த?"

"அஞ்சுதான் சொன்னீங்க."

"பதிவுல இருக்கா?" சிரித்தான். "எழுந்திரு. அவனும் இதையேதான் சொன்னான்."

மார்லிஸுக்குப் புரிந்தது. வெண்டலிடமும் இவன்தான் இப்படி ஒப்படைத்திருக்கிறான். கோராவைப் பார்த்தாள், கோரா தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கருவியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். ட்வேன் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"கோரா, பின்னால வந்து நிக்காதடி. கழுத்துல மூச்சு படுது."

"நான் இங்க என் இடத்துல இருக்கேன்," என்றாள் கோரா.

ட்வேன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

எதிலும் செருகப்படாத வயர் மார்லிஸின் கையிலிருந்து தொங்கியது. அந்தக் கருவிக்குள் குரல் மெல்லக் கரகரத்தது.

"இவன்கிட்ட மட்டும் சொல்லமாட்டேன்."

திரையின் ஓரத்தில், பெயரில்லாமல், ஒரு புள்ளி உள்ளே நுழைந்தது.