சக்களத்தியின் மூச்சு

சாப்பிட வந்தவன் பைக்கை அணைக்காமலே வந்துவிட்டான். வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் அது ஆளில்லாமல் டுப் டுப்பென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திட்டு வந்தா என்னவாம்?" சோறு போட்டபடி கேட்டாள் மனைவி.

"இப்பதான் ஐடில் பிடிச்சு, முறுக்காமலே சீரா ஓடுது. நிக்க விடாத, தொடாத." தட்டிலிருந்து நிமிராமலே சொன்னான்.

பெரிய கார்புரேட்டரும் புது சைலன்சரும் மாட்டி மூன்று நாளாகிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்குரூவைக் கால் சுற்று திருப்புவான், காதைச் சாய்த்துக் கேட்பான், மறுபடி திருப்புவான். படுக்கையும் அதன் பக்கத்திலேயே. அவள் தையல்காரி. தனக்கே ஆசையாகத் தைத்துப் போட்ட ரவிக்கையை அந்த மனுஷன் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. வண்டி லேசாகப் பொருமினால் மட்டும் தூக்கத்திலிருந்து துள்ளி எழுகிறான். மற்றவளுக்கு வாய்க்கிற சக்களத்தியையாவது மயிரைப் பிடித்து உலுக்கலாம், இந்த இரும்பை எங்கே பிடிப்பது?

"துண்டு எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

கொட்டகைக்குள் பகல் வெயிலும் இன்ஜின் சூடும் கலந்து மூச்சை அடைத்தது. கருகிய எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், அவன் வியர்வையும் தலைமுடியும் மணப்பதுபோல் வேறொரு மணம், அவள் தலையணையில் மட்டுமே இருக்கவேண்டிய மணம், வண்டியின் சீட்டிலிருந்து வெதுவெதுப்பாக எழுந்தது. அடிப்பாவி என்று பல்லைக் கடித்தாள். சாவியைத் திருப்பினாள்.

வண்டி நின்றது. மனசு குளிர்ந்து போயிற்று.

அப்புறம்தான் கவனித்தாள். வீட்டுக்குள் மெல்லும் சத்தமும் நின்றிருந்தது.

கொட்டகையை ஒட்டிய சன்னல் வழியே பார்த்தாள். சோற்றுக்கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"என்னங்க... விளையாடாதீங்க."

ஒரு ஈ அவன் கண்மணிமேல் உட்கார்ந்தது. இமைக்கவில்லை.

நிக்க விடாத.

ஐயோ! சாவியைத் திருப்பிக் கிக்கரை மிதித்தாள். டப். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. உள்ளே தட்டு ஒருமுறை தடதடத்து அடங்கியது. மறுபடி மிதித்தாள். கணுக்காலில் திருப்பி அடித்தது. மறுபடி. பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள்.

உள்ளே, மெல்லும் சத்தம்.

கையை எடுத்தாள். வண்டி தள்ளாடியது. வீட்டுக்குள் அவன் மூச்சு கர்ரென்று இழுத்தது. பதறி முறுக்கினாள். ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? எவ்வளவு? அவளுக்கு என்ன தெரியும்?

"ஏய், எங்க போன?" அவன் குரல். குழைந்து, கல்யாணமான புதிதில் கேட்டதுபோல. "இங்க வாயேன். உன்கூட உக்காந்து பேசி எத்தன நாளாச்சு."

"வரேங்க" என்றாள். நகரவில்லை.

இடுப்பால் டேங்கை இடித்துப் பார்த்தாள். டேங்குக்குள் எதுவும் அலம்பவில்லை. பெட்ரோல் குழாயின் திருகைத் தடவினாள். ஏற்கெனவே ரிசர்வில், கடைசிச் சொட்டுப் பெட்ரோலில் இருந்தது.

"என்ன கோவமா? வாடி செல்லம்."

வண்டி ஒருமுறை இருமியது.

உள்ளே அவனும் இருமினான்.