கிழக்குக் குடாவில் ஒட்டிய துண்டு

கண்ணாடிக்குள் தலை வாரிக்கொண்டிருந்தவர் அவள் கணவர்தான். கண்ணாடிக்கு வெளியே நின்று வாரிக்கொண்டிருந்தவரிடம்தான் ஏதோ சரியில்லை.

அவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். திறந்து கிடந்த குளியலறையிலிருந்து சோப்பு வாசனையும், அதற்கு அடியில் எந்தச் சோப்புக்கும் போகாத ஒரு சேற்று வாசனையும் சேர்ந்து வந்தன. முக்குளிப்பவர் வீட்டில் சேற்று வாசனை புதிதில்லை. துவைத்து மடித்த துணியில்கூட அது இருக்கும், அவள் அதோடுதான் இத்தனை காலம் குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் வகிடு? கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம் பார்த்த வகிடு இப்போது வலப்பக்கம் இருந்தது. இடக்கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய மச்சம் வலக்கண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

"என்ன, அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்லைங்க. டீ போடட்டுமா?"

குரல் அவருடையதுதான். டம்ளரை இடக்கையால் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். அவர் சூடாகக் குடிக்கும்போது எப்போதும் வரும் அந்தச் சின்ன உறிஞ்சல் சத்தமும் மாறாமல் வந்தது.

கத்தியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் தெருவே கூடும்படி கத்தியிருப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பயத்துக்கு முன்னால் வெட்கம் முந்திக்கொண்டது. ஏனென்றால் இடத்தை வலமாகத் திருப்பிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் வேலை தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை வரைவது. ஆறு, ஏரி, முகத்துவாரம், கரையோரக் கடல் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வரைபடமாக்கும் அலுவலகம் அது. படகு தண்ணீரில் கோடு கோடாகப் போகும், வயல் உழுகிற மாதிரி. அடியில் கட்டிய கருவி கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லும். வந்து குவியும் லட்சக்கணக்கான புள்ளிகளைக் கணினியில் போட்டுத் தரையாக்கித் தருவது அவள் பொறுப்பு.

பெரிய ஏரியின் கிழக்குக் குடாவை அளக்கப் போன அன்று படகில் அவள்தான் மேற்பார்வை. பகல் முழுக்கக் கோடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கோப்பு காலி. பதிவுப் பொத்தானை அழுத்தவேயில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் புதியவர்கள் செய்யும் தப்பு.

மறுபடியும் படகு கேட்டால் தலைமை அதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பவர் அவர். அதனால் ஸ்கேல் சார். யாராவது தும்மினால்கூட எவ்வளவு தூரம் தெறித்தது என்று அளப்பார் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். முன்னால் யாரும் சிரித்ததில்லை. போன வருஷம் ஒரு சின்னப் பெண் ஒரே ஒரு கோட்டை விட்டுவிட்டதற்கு, எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவளை நிற்க வைத்து வறுத்தெடுத்துவிட்டார். அந்தப் பெண் அழுததை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கெல்லாம் இந்த நிலைமை வராது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

அந்தப் பெருமைக்காகத்தான் செய்தாள். நன்றாக அளந்து வைத்திருந்த மேற்குக் குடாவிலிருந்து ஒரு துண்டுத் தரையை வெட்டினாள். அப்படியே ஒட்டினால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று இடவலமாகத் திருப்பினாள். கிழக்கில் வைத்து, ஓரங்களைப் பூசி மெழுகி, நேரில் அளந்தது என்று குறிப்பும் எழுதித் தன் பெயரைப் போட்டாள்.

அந்த மேப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் கணவர், ஏரித் தரையில் தண்ணீரின் தரம் பார்க்கும் கருவிகளைப் பொருத்த இறங்கினார். கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே, "நீ போட்ட மேப்புன்னா எனக்கு ஒரு கவலையும் இல்லை" என்றார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசியது. அன்று சாயங்காலம் கதவைத் தட்டி உள்ளே வந்தவர் இவர்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. அதுதான் தாங்கவில்லை. சாவியைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டு, நிதானமாக மறுபக்கம் திருப்புவார். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் புரட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பொத்தானோடு விரல்கள் மல்லுக்கட்டும். எதற்கும் கோபப்படுவதில்லை, எதையும் கேட்பதில்லை. அவர் நடந்துபோன இடத்தில் தரை காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. அறை இருட்டிப்போய், மின்விசிறி மெல்லச் சுற்ற, அவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எத்தனையோ முறை தலை வைத்துத் தூங்கிய அந்த இடத்தில், அவர் இடப்பக்க மார்பில் காதை வைத்தாள். ஓட்டில் மழை. மின்விசிறியின் கிறீச். வேறொன்றுமில்லை. காதை மெல்ல நகர்த்தினாள்.

வலப்பக்கம் துடித்தது.

"என்ன ஆச்சு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"மழை" என்றாள்.

அப்படியானால் உண்மையான அவர் அங்கே, ஏரிக்கு அடியில்தான் இருக்கிறார். அந்தத் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கிழக்குக் குடாவை உண்மையாகவே அளந்து அங்கே வைத்துவிட்டால் திருப்பியதெல்லாம் நேராகிவிடும், அவர் மேலே வந்துவிடுவார். ஏன் அப்படி நம்பினாள் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. நம்பினாள். அதற்கு ஸ்கேல் சாரின் அறைக்குள் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

போனாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "உக்காரும்மா. கிழக்குக் குடா மேப் பாத்தேன். ஓரமெல்லாம் என்ன சுத்தம்! புதுசா வந்த பசங்களுக்கு உன் மேப்பைத்தான் காட்டப்போறேன்."

"சார், அதுல ஒரு சின்ன..."

"என்ன?"

ஸ்கேல் மேசையில் ஒரு தட்டு தட்டி நின்றது. "ஒரு சின்ன லீவு வேணும் சார்" என்றாள். வெளியே வந்து கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். புருஷனின் உயிரைவிடத் தன் மானம் பெரிதாகப் போய்விட்டது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டியது உண்மை. முகம் கழுவிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பி வந்ததும் உண்மை.

அந்த லீவு நாளில்தான் அவர் மகளைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"குட்டிக்கு நீச்சல் சொல்லித் தரலாம்னு இருக்கேன். கிழக்குக் குடால தண்ணி ஆடாம இருக்கும்."

"வேண்டாம்."

"ஏன்?"

குட்டி துள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஏன்மா? அப்பாதான் கூட இருக்காரே!"

ஏன் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் அதன் வால் பிடித்து எல்லாம் வெளியே வந்துவிடும். சளி பிடிக்கும் என்றாள். வெயில் அடிக்கிறதே என்றாள் குட்டி. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. எல்லாம் தெரிந்தவர், எதிரே நிற்பவள் சொல்லமாட்டாள் என்பதும் தெரிந்தவர் பார்க்கும் பார்வை.

"சீக்கிரம் வந்துடுங்க" என்றாள் அவள். தன் காதில் விழுந்த தன் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பொழுது சாயும்போது வந்தார்கள். ஈரத் தலையோடு குட்டி வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். பென்சில் நோட்டில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

இடக்கையில் பென்சில்.

எழுத்துகள் நோட்டின் வலது ஓரத்தில் தொடங்கி இடப்பக்கமாக நடந்தன. ஒவ்வொன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"அழகா எழுதிருக்கேனா?"

"அழகா இருக்குடா."

அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்கேல் சாரிடம் போய் நின்று, கிழக்குக் குடாவின் ஓரங்களில் மட்டும் ஒரு சந்தேகம், ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்போதும் முழு உண்மை வரவில்லை. பாதிதான் வந்தது. அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. "இதுதாம்மா பொறுப்பு. நானும் வர்றேன்."

அதற்கு மறுநாள் விடிகாலை, படகுத்துறையில் மூடுபனி இன்னும் கலையவில்லை. வழியனுப்ப அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு. படகோட்டி இயந்திரத்தை முடுக்கினார். டீசல் புகையும், பாசி வாசனையும், நனைந்த கயிற்றின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. கிழக்குக் குடாவுக்குள் நுழைந்ததும் தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியதை மறுபடியும் பார்த்துக்கொண்டாள்.

திரையில் தரை வரி வரியாக இறங்கி வந்தது. ஒரு மேடு. அதன் பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தை ஒட்டி வளைந்து போகும் பழைய வாய்க்கால்.

அவள் ஒட்டிய அதே தரை. அவள் திருப்பி வைத்த அதே திசையில்.

"அடி பிசகலையே!" என்றார் ஸ்கேல் சார். தன் ஸ்கேலைத் திரையில் வைத்து, பழைய மேப்பையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கா சந்தேகப்பட்டே? அப்படியே பொருந்துது பாரு."

பிடுங்கிப் போடத் துண்டு எதுவும் இல்லை. ஏரியே அவள் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்த எண்ணம் வந்ததும் நெஞ்சில் ஒரு கணம் நிம்மதி பரவியது. பரவிய வேகத்திலேயே அவள் அதற்காக வெட்கப்பட்டாள்.

அப்போது திரையில் அது வந்தது. தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கும் புள்ளிகள். உயரமாக ஒன்று. அதை ஒட்டிக் குட்டையாக ஒன்று.

"இது என்ன, கம்பு நட்ட மாதிரி?"

படகு திரும்பி அடுத்த கோட்டில் வந்தது. இப்போது அவை முன்பு இருந்த இடத்தில் இல்லை. படகின் பாதைக்குக் கிட்டத்தில் இருந்தன. இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்தன.

"கம்புன்னா நகராதே" என்றார் படகோட்டி மெதுவாக.

அடுத்த கோடு. நேர் கீழே. உயரமானது குட்டையானதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தது. மேலே இருந்ததிலிருந்து மெல்லியதாக ஒரு புள்ளிக் கோடு நீண்டது. படகை நோக்கி. ஒரு கை.

தட்.

காலுக்கு அடியில், பலகைக்குக் கீழே. சின்னதாக. தட், தட்.

"ஏதோ கட்டை இடிக்குது" என்றார் ஸ்கேல் சார். ஸ்கேலால் திரையைச் சுட்டினார். "இது மீனா, காத்துக் குமிழியா? சொல்லும்மா. இந்த மாதிரி பொய்ப் புள்ளியை என்ன பண்ணணும்னு உனக்குத் தெரியாதா? நாய்ஸ்தானே?"

இப்போது சொல்லலாம். என் புருஷன் சார். என் பொண்ணு சார். கயிற்றைப் போடுங்க. அவள் வாயைத் திறந்தாள். உடனே அடுத்த கேள்வி காதில் கேட்டது. அவங்க எப்படிம்மா அங்க போனாங்க? கூட்டத்தில் நிற்க வைக்கப்பட்ட அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. பனிக்கு அப்பால் படகுத்துறையில் இரண்டு பேர் தெளிவாக நின்றார்கள். பெரியவர் இடக்கையை உயர்த்தி ஆட்டினார். சின்னவளும் ஆட்டினாள்.

"நாய்ஸ்தான் சார்" என்றாள்.

"அப்ப அழிச்சிடு. சுத்தமா இருக்கட்டும்."

சுட்டியைப் பிடித்தாள். உயரமானதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள். அழுத்தினாள். போய்விட்டது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் குட்டையானது மட்டும் நடுத் தண்ணீரில் நின்றது. கை இன்னும் மேலேதான் இருந்தது.

அதையும் அழித்தாள். தரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது.

"பிரமாதம்" என்றார் ஸ்கேல் சார்.

படகு கரையை நோக்கித் திரும்பியது. அவள் காலுக்கு அடியில், அந்தத் தட்டல் கூடவே வந்தது.