நேராக வீட்டுக்கு

மரிவிக் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்த ஃபோன் நடந்துகொண்டிருந்தது.

திரையின் மூலையில் ஒரு சின்னப் பச்சை உருவம் காலை எடுத்து எடுத்து வைத்துப் போனது. ‘நடக்கிறீர்கள்’ என்றது அதன் கீழிருந்த வரி. அவள் ஏறியிருந்த ஷேர் வண்டியான ஜீப்னியோ மழைக்குள் அசையாமல் நின்றிருந்தது. முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் சக்கரத்தை விழுங்கிய கறுப்புத் தண்ணீர். சாரலுக்குப் பயந்து பிளாஸ்டிக் திரைகளை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே ஈர உடுப்பு வாடையும், டீசல் புகையும், யாரோ மடியில் வைத்திருந்த மீன் பையின் கவிச்சியும், இத்தனைக்கும் மேலாக அவள் தலைமுடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்த சாவு வீட்டுச் சம்பங்கியும் மெழுகுவர்த்திக் கரியும் சேர்ந்து தொண்டையில் இறங்கின.

பக், மென்பொருள் கோளாறு, என்று நினைத்தாள். ‘வண்டியில் அமர்ந்திருக்கும்போது நடப்பதாகக் காட்டுகிறது.’ எழுதி அனுப்ப வேண்டியதுதான். அதுதான் வேலை. இன்னும் கடைக்கு வராத இயங்குதளத்தை ஃபோனில் ஏற்றிக் கொடுப்பார்கள். அதோடு தின்று, தூங்கி, குளித்து, எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தவளின் பெயர் எங்கேயும் வராது. ஆறாவது மாதத்தைத் தொட்டால் நிரந்தரமாக்க வேண்டும் என்பதற்காகவே ஐந்தாவது மாத முடிவில் கையைக் குலுக்கி அனுப்பிவிடும் கம்பெனி அது. மரிவிக்கின் ஐந்தாவது மாதம் நாளையோடு முடிகிறது.

அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா இன்னமும் ஹாங்காங்கில் யாரோ பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா பெற்ற சின்னவள் ஜேலின், மலபோனில் ஓர் ஒற்றை அறையில், இவளை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கு வேலை போனால் அந்த அறையும் போகும்.

இந்த ஃபோன் முதலில் ஆர்னெலிடம் இருந்தது. பக்கத்து மேசைக்காரன். தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. ஃபோன் அவன் நெஞ்சின் மேல் கிடந்ததாம். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது ஃபோனை முழுவதும் அழித்துப் புதிதாக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் ரிக்கோ சார் விதியை மென்று துப்பினார்.

“ரீசெட் பண்ணாதே மரிவிக். அவன் பழக்கினதெல்லாம் அதுல இருக்கு, திரும்ப ஆரம்பத்துலேர்ந்து பழக்க நேரம் இல்ல. இந்தக் கடைசி டெஸ்ட்டை மட்டும் ஒழுங்கா முடி. நாளைக்கே உன்னை நிரந்தரமாக்குறேன்.”

கடைசி டெஸ்ட் ‘வீட்டுக்கு வருகிறேன்’. புது சிஸ்டத்தின் பெருமையே அதுதான். நடையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டுக் கதவில் கம்பெனி மாட்டிக் கொடுத்த பேட்டரிப் பூட்டு, ஆள் நெருங்கியதும் தானே திறக்கும். அதிலிருக்கும் ஸ்பீக்கர் வருகிறவரின் குரலிலேயே, “நான் வந்துட்டேன்” என்று சொல்லும். ஒரே நிபந்தனை: கிளம்பிய இடத்திலிருந்து எங்கேயும் நிற்காமல் நேராக வீடு போய்ச் சேர வேண்டும்.

அவள் கிளம்பிய இடம் ஆர்னெலின் சவப்பெட்டி.

ஆபீஸே அங்கேதான் இருந்தது. பிஸ்கட், கடலை, காகிதக் கோப்பையில் காப்பி, ஓரத்தில் சீட்டாட்டம். கண்ணாடிக்குக் கீழே ஆர்னெல் மாவு பூசிய முகத்தோடு கிடந்தான். அவன் அம்மா மூடியைத் திறக்கச் சொல்லி, கால்களிலிருந்து ஷூவைத் தானே கழற்றினாள். செத்தவர் நடமாடினால் சத்தம் கேட்கக் கூடாது என்று. பழைய விபத்தொன்றில் மடங்கிப்போன இடது கால், செத்த பிறகும் உள்பக்கமாகவே திரும்பியிருந்தது.

கிளம்பும்போது கூட வேலை செய்யும் கிளெண்டா கையைப் பிடித்தாள்.

“ஏய், நேரா வீட்டுக்குப் போயிடாதே. நாங்க கஞ்சிக்கடையில நின்னு உதறிட்டுத்தான் போறோம். வா.”

“என்னத்த உதறணும்? ஒட்டிக்கிட்டா வருவான்? நீ பி.எஸ்சி. படிச்சவதானே?”

“பி.எஸ்சி. படிச்சவ கஞ்சி குடிக்கக் கூடாதா? வழியில எங்கயாவது நின்னா அவன் அங்கயே தங்கிடுவான்டி. வீட்டைக் காட்டிக் குடுக்காதே.”

“எங்கேயும் நிக்கக் கூடாதுன்னு டெஸ்ட்டுல போட்டிருக்கு.”

“அதை எழுதினவன் எந்த ஊர்க்காரன்?”

“கலிஃபோர்னியாவுல எவனோ.”

“அதான். அவன் செத்த வீட்டுக்குப் போய்ட்டு நேரா எங்க வேணா போவான்.”

மரிவிக் கையை உதறிக்கொண்டு வந்தாள். படித்து என்ன கிழித்தீர்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள். சாவு வீட்டு வழக்கப்படி யாரும் வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அந்த வாசலிலேயே நின்று, ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்பதை அழுத்தினாள்.

இப்போது, நின்றுபோன ஜீப்னியில், பச்சை உருவம் நடக்கிறது.

சோதிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பக்கத்தைத் திறந்தாள். நடையைக் கோடாக வரைந்து காட்டும் பக்கம் அது. அவளுடைய நடை அவளுக்குத் தெரியும்: ஒரே உயரத்தில் கூர்கூராக, கோபக்காரி நடை என்று ஆர்னெல் கேலி செய்வான். இது அதுவல்ல. ஒரு கூர். அதையடுத்து ஒரு நீண்ட, தட்டையான இழுப்பு. மறுபடி ஒரு கூர். மறுபடி இழுப்பு.

ஐந்து மாதம் தன் நாற்காலிக்குப் பின்னால் கேட்ட நடை. தொப். சர்ர். தொப். சர்ர்.

பழைய பதிவு, என்று தனக்குத்தானே சொன்னாள். அழிக்காமல் விட்டது மேலே வந்திருக்கிறது. ரிக்கோவின் சோம்பேறித்தனம். வேறொன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் விரிந்திருந்த வரைபடத்தில், அவள் இருக்குமிடத்தைக் காட்ட வேண்டிய நீலப்புள்ளி ஜீப்னியில் இல்லை. லாரிகளைத் தாண்டி, தேங்கிய தண்ணீரைத் தாண்டி, மீன் சந்தைத் திருப்பத்தில் அவள் வழக்கமாகத் திரும்பும் இடத்திலேயே திரும்பி, மலபோனுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. ஜேலின்.

“அக்கா, கரண்டு போயிடுச்சு. கும்மிருட்டா இருக்கு. சீக்கிரம் வா.”

“வந்துக்கிட்டே இருக்கேன்டி. மெழுகுவர்த்தி ஏத்தி வை.”

“தீப்பெட்டியைக் காணோம். அதான் பக்கத்துல வந்துட்டியே, நீயே வந்து தேடு.”

“நான் இன்னும் வண்டியில இருக்கேன்.”

“பொய் சொல்லாதே. பூட்டு இப்பதான் உன் குரல்ல சொல்லுச்சு, ‘தெரு முனைக்கு வந்துட்டேன்’னு.”

“ஜேலின், நல்லாக் கேளு. கதவைத் திறக்காதே.”

“நான் எதுக்குத் திறக்கணும்?” சின்னவள் சிரித்தாள். “அதுவேதான் திறக்குமே.”

அவளைப் பேச்சிலேயே வைத்துக்கொண்டு திரையைத் தேய்த்தாள். ‘வீட்டை நெருங்கிவிட்டீர்கள்.’ அதன் கீழே நிறுத்தும் பொத்தான். அழுத்தினாள். ‘இந்த வசதி இன்னும் சேர்க்கப்படவில்லை.’ மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே வரி. இனி மிச்சம் ஒன்றுதான். முழு ரீசெட். அவள் நடை, அவன் நடை, பூட்டுக்குத் தெரிந்த அத்தனையும் போய்விடும். டெஸ்ட்டும் போய்விடும். நாளையும்.

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது.

வெறும் பழைய பதிவு. அதற்காகவா? இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது, கிளெண்டாவின் கஞ்சிக்கடைக் கதையை நம்பிக் கடைசி மாலையில் தூக்கிப் போடவா?

விரல் நின்றது. மழை தகரக்கூரையில் கொட்டியது. விரல் அங்கேயே நின்றது.

“அக்கா,” என்றாள் ஜேலின். “ஏன் காலை இழுத்து இழுத்து நடக்குறே? அடிபட்டுடுச்சா?”

அழுத்தினாள்.

வெள்ளை வட்டம் ஒன்று சுழலத் தொடங்கியது. மெதுவாக. மிக மெதுவாக. அழைப்பு அறுவதற்கு முன் அந்தப் பக்கத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. க்ளிக். கூடவே ஜேலினின் குரல், நிம்மதியாக: “அப்பாடா. வந்துட்டியா.”

பிளாஸ்டிக் திரையைக் கிழித்துக்கொண்டு குதித்தாள். தண்ணீர் இடுப்பைப் பிடித்தது. ஓட்டுநர் கத்தினான். செருப்பு ஒன்று போனது. பிறகு இன்னொன்று. சாக்கடை, டீசல், அழுகிய மீன். லாரிகள். சந்தை. திருப்பம். விழுந்தாள். எழுந்தாள். கையில் ஃபோன் மட்டும் இருந்தது, வெள்ளையாக, சுழன்றபடி.

அவள் சந்து. தெருவே இருட்டு.

அண்டை வீட்டு மோட்டார் பைக்கின் விளக்கு ஒரு கணம் சந்துக்குள் அடித்துவிட்டுப் போனது. அந்த வெளிச்சத்தில் பார்த்தாள். கூரைக்குக் கீழே, நனையாத சிமென்ட்டில், ஈரம். வெறும் பாதத்தின் முழு அச்சு. பக்கத்தில் நீளமாக ஓர் இழுப்பு. மறுபடி அச்சு. மறுபடி இழுப்பு. கதவு வரைக்கும்.

வெளியே வந்த தடம் ஒன்றும் இல்லை.

கதவு மூடியிருந்தது. பூட்டின் மேல் கை வைத்தாள். அதற்கு அவளைத் தெரியவில்லை. இரண்டு கையாலும் இடித்தாள்.

“ஜேலின்! ஜேலின், வெளிய வா! நான்தான்டி!”

உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஜேலினின் குரல் கேட்டது. வாசலைப் பார்த்துப் பேசவில்லை. வேறு பக்கம் திரும்பிப் பேசியது.

“அக்கா, யாரோ கதவைத் தட்டுறாங்க. உன் குரல் மாதிரியே கத்துறாங்க. திறக்கவா?”

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. வட்டம் நின்றிருந்தது. எல்லாம் அழிந்து, துடைத்துப்போட்ட மாதிரி வெண்மை. ‘வணக்கம். நீங்கள் யார்?’

உள்ளே, தொப்.

சர்ர்.

கதவுக்கு மிக அருகில், பலகையில் வாயை வைத்துப் பேசுவதுபோல, மரிவிக்கின் குரல் மெல்லச் சொன்னது:

“வேண்டாம்டி. சாவு வீட்டுக்குப் போய்ட்டு நேரா வந்திருப்பாங்க.”

“ஐயோ,” என்றாள் ஜேலின். “உதறாமலா? இரு, தீப்பெட்டி கிடைச்சிடுச்சு. உன் முடியெல்லாம் ஏன் இப்படிச் சம்பங்கி வாடை அடிக்குது…”

குச்சி உரசியது. கதவின் அடி இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் பரவியது. அதில் ஒரு வெள்ளைப் பாதம் வாசலைப் பார்த்து இருந்தது. மற்றது உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஜேலினின் பேச்சு பாதியில் நின்றது.