இரண்டு பாகை

நட்சத்திரத்தின் ஒளி இரண்டு பாகை திரும்பியிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்த ஆராய்ச்சியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நட்சத்திர ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் அதிர்ந்தபடி வரும். வெளியெங்கும் கண்ணுக்குத் தெரியாத புலம் ஒன்று பரவியிருந்தால் அந்தத் திசை மயிரிழை அளவு திரும்பும். அந்த மயிரிழைக்காகத்தான் பதினோரு வருடமாக மாரடிக்கிறாள். இது இரண்டு பாகை. வேறொரு நட்சத்திரத்தைப் பார்த்தாள். அதிலும் இரண்டு. அடுத்ததில் மூன்று.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழாமல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண் சீராக ஏறவில்லை. கொஞ்சம் திரும்பியது, நின்றது. கொஞ்சம் திரும்பியது, நின்றது. போன மாதம், ஒளியின் திசையை அளக்கும் வடிகட்டியின் மோட்டார் மக்கர் செய்தபோது, ஃபிட்டர் ஏணியில் ஏறி அதன் வளையத்தைக் கையால் இப்படித்தான் திருப்பினார். ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்பார்.

"போதுமாம்மா?"

அன்று மேகம் சூழ்ந்துகொண்டிருந்தது; வானம் மூடுமுன் அளந்துவிடும் அவசரம். அவர் இறங்கிவிட்டாரா என்று பாராமல் இவள் தொலைநோக்கியை நகர்த்தினாள். ஏணியோடு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அவராவே ஏறியிருக்கார், எனக்குத் தெரியாது" என்றாள் விசாரணையில். வெளியே வந்தபோது ஃபிட்டரின் மனைவி மெல்லக் கேட்டாள்: "சொல்லாம ஏற மாட்டாரேம்மா?" இவள் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

விபத்துக்குப் பிறகு அந்த வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள். அசைய வழியில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு குவிமாடத்துக்குள் போனாள். கிரீஸ் நாற்றமும் குளிர்ந்த இரும்பின் வாடையும் முகத்தில் அடிக்க, திறந்த கூரை வழியே இறங்கிய காற்று எங்கோ ஒரு தகரத்தை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருக்க, அதற்கும் மேலே, தொலைநோக்கியின் கழுத்துப் பக்கம், உலோகம் உலோகத்தில் மெதுவாக உரசும் சத்தம் கேட்டது.

ஏணியில் ஏறினாள்.

திருகாணி இறுக்கமாகத்தான் இருந்தது. வளையம் திரும்பிக்கொண்டிருந்தது.

நின்றது. காத்திருந்தது.

"நான்தான் ஏறச் சொன்னேன்." வளையத்தைப் பார்த்தே சொன்னாள். "பார்க்காம நகர்த்தினதும் நான்தான்."

சத்தமில்லை. காற்றுகூட ஓய்ந்துவிட்டது. ஒரு மாதமாக விடாத மூச்சை அவள் விட்டாள்.

வளையத்தின் இடுக்கில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. அங்கிருந்து நான்கு விரல்கள் வந்தன. கிரீஸ் படிந்த விரல்கள். துழாவின. ஏணிப் படியில் இருந்த அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன.

கால் தவறியவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றும் பிடி அது. ஓர் ஆளின் முழு எடையும் அதில் தொங்கியது.