புளியங்கொட்டைப் போக்கர்

அபுல் ஹஸன் சீட்டு மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார்.

உயிர் இல்லை.

கன்னத்தின் கீழ்ப் புளியங்கொட்டைகள் சிதறியிருந்தன. உருண்ட கோப்பையிலிருந்து பூச்சிமருந்தின் நெடி எழுந்தது...

"தேத்தண்ணி ஊத்தினது ஆர்?" இன்ஸ்பெக்டர் செபரட்ணம் கேட்டார்.

"நான்தான் சேர்," என்றார் ஜவுபர்.

விலங்கு பூட்டப்பட்டது.

கல்முனையில் தையற்கடை வைத்திருந்த ஜவுபருக்கு, மனைவி மௌத்தானபின் வீடு வெறுஞ்சுவராயிற்று. அந்த வெறுமைக்குள் மனிதக் குரலைக் கொணர்ந்தவர், கப்பலில் உழைத்துத் திரும்பிய அபுல் ஹஸன். அமெரிக்க ஆற்றுப் படகுகளில் வளர்ந்த போக்கர், பெரிய ஹோட்டல்களில் போட்டியாகி உலகெங்கும் பரவிவருவதை வியந்து பேசியே, இங்கும் ஒரு போட்டி தொடங்கினார். காசு ஹறாம்; ஆகவே புளியங்கொட்டை. எல்லோருக்கும் சமபங்கு. கொட்டை தீர்ந்தவர் எழவேண்டும், எஞ்சுபவர் வென்றவர். நால்வர் அமர்ந்த மேசைக்கு, இந்த எண்பத்திரண்டாம் ஆண்டில் நிந்தவூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள்.

இன்று இறுதி ஆட்டம். எஞ்சியவர்கள் ஜவுபர், அபுல் ஹஸன், முகைதீன்பாவா.

முகைதீன்பாவா ஊருக்குப் புதியவன். கப்பலில் பத்து வருடம் போக்கர் மேசையில் சீட்டுப் பங்கிட்டவன் என்பான். இளைஞர்களுக்குக் கப்பல் வேலை எடுத்துத் தருவதாகப் பாஸ்போட்டும் காசும் சேர்ப்பவன்.

"தோக்கப்போற மனிசன் என்னதான் செய்யமாட்டான் சேர்?" என்றான் அவன் இப்போது.

ஜவுபரைத் தூக்குக் கயிறு அச்சுறுத்தவில்லை. ஒரே தோழனைக் கொன்றவன் என்ற பெயரோடு மண்ணுக்குள் போவதா... அதுதான் நெஞ்சை அறுத்தது.

"சேர், ஒண்டு சொல்லட்டா? இந்த முகைதீன்பாவா காட்ஸ் போடக்குள்ள ஹஸன் காக்கா சிரிச்சாரு. 'உனக்குக் கப்பல்ல ஆரு பழக்கின?' எண்டாரு. நான் தேத்தண்ணிய வெச்சிட்டு அஸர் தொழப் பள்ளிக்குப் போயிட்டன். இவங்க ரெண்டு பேரும் பொறகு வாறமெண்டாங்க. இன்னொருக்கா இவரைக் காட்ஸ் போடச் சொல்லுங்க."

"போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

முகைதீன்பாவா அலட்சியமாகக் குலுக்கினான். விரல்கள் பறந்தன. முதற் சீட்டு வலப்புற நாற்காலிக்கு... அடுத்தது அதற்கும் அப்பால்...

"போதும்," என்றார் ஜவுபர். "நம்மட முன்னூத்தி நாலு சீட்டாட்டம்தான் வலப்பக்கமாப் போகும். போக்கர் இடப்பக்கமாப் போறது. பத்து வருசம் பழகின கை இப்பிடிப் போடாது சேர். இவரு கப்பலே ஏறல்ல. அதைக் காக்கா கண்டுட்டாரு."

முகைதீன்பாவா வாசலுக்குப் பாய்ந்தான்.

கான்ஸ்டபிளின் மார்பில் மோதி விழுந்தான்.

அவன் பைக்குள் பாஸ்போட்டுகள். அவற்றின் அடியில் சிறிய போத்தல். அதே நெடி.

"ஊருக்குச் சொல்லிப்போடுவாரெண்டு பயந்திட்டன்..." தரையைப் பார்த்து முனகினான்.

விலங்கு கைமாறியது. கைதியோடு ஜீப் போயிற்று; ஹஸனின் ஜனாஸாவும் போயிற்று. மூன்று நாற்காலிகள் நின்றன. கடலின் ஓசை அறைக்குள் வந்து தனியே அமர்ந்துகொண்டது.

ஜவுபர் குனிந்து கொட்டைகளைப் பொறுக்கினார். பின்தங்கியிருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுப்பது கண்டு நிமிர்ந்தார்.

"சேர்... ஒரு கை ஆடிட்டுப் போறீங்களா?"

செபரட்ணம் மேசையைப் பார்த்தார்.

"வேணாம் காக்கா. மற்ற ஊர்ல தோத்தா வீட்டுக்குப் போகலாம். உங்கட மேசையில ஒண்டில் கபுறுக்குழி, இல்லாட்டி மறியற்சாலை. எனக்கு இன்னும் பென்சனும் வரல்ல!"