சோப்பில் பதிந்த சாவி

சாவி வெட்டும் இயந்திரம் 'கிர்ர்ர்' என்று கத்தும்போது யார் பேசினாலும் காதில் விழாது. அதனால் நண்டுவின் அப்பாவுக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம். இயந்திரம் நின்ற பிறகும் அதே சத்தம்தான்.

நண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. கடை மேசைக்கு அடியில் ஓர் இடுக்கு உண்டு. அதில் புகுந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். யாராவது வந்தால் தலையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் பார்ப்பாள். அதைக் கண்டு எதிர்க்கடை ரொட்டிக்காரர் வைத்த பெயர் அது. இப்போது பள்ளிக்கூடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. என்ன செய்வது!

அன்று விடுமுறை. தொப்பி போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு சோப்புக் கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இங்க சோப்பு வாங்கறதில்லைங்க" என்றார் அப்பா.

"நல்லாப் பாருங்க. சாவி பதிஞ்சிருக்கு. இதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க."

நண்டு தலையை நீட்டினாள். சோப்பின் நடுவில் ஒரு சாவியின் தடம், பல் பல்லாக, அச்சு அசலாகத் தெரிந்தது.

"சாவி எங்க?" என்று கேட்டார் அப்பா.

"அது... வீட்டுக்காரர்கிட்ட இருக்கு."

"அப்ப அவரையே வரச் சொல்லுங்க. நேர்ல பார்த்துட்டு வெட்டித் தர்றேன்."

தொப்பிக்காரர் பின்கழுத்தைச் சொறிந்தார். "இதோ கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். போன வேகத்தில் சோப்பை மறந்துவிட்டார். அவர் திரும்பி வரவே இல்லை.

"வெறும் தடம்தானேப்பா அது? சாவி இல்லையே?" என்றாள் நண்டு.

"சாவின்னா இரும்பு இல்லம்மா. அந்தப் பல்லோட மேடு பள்ளம்தான் சாவி. அது தெரிஞ்சிட்டா போதும், சாவியே கையில இருக்கற மாதிரி. அதனாலதான் நான் எந்தச் சாவியையும் மேசைமேல திறந்து போட மாட்டேன்."

'டிங்' என்றது கடைப் போன்.

அந்தப் போனில்தான் கடையின் உயிரே இருந்தது. பூட்டு சிக்கிக்கொண்டாலும் சாவி தொலைந்தாலும் தெருக்காரர்கள் அதில்தான் செய்தி அனுப்புவார்கள். சிலர் அவசரத்தில் சாவியைப் படம் எடுத்தே அனுப்பிவிடுவார்கள். அப்பாமேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்பா நெற்றியில் கிடந்த மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, செய்தியை உரக்கப் படித்தார். ரொட்டிக்காரரின் எண்ணிலிருந்து வந்திருந்தது.

"'வணக்கம் சார். தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பிவிட்டேன். அதை எனக்கு உடனே அனுப்புங்கள். அவசரம்.' அடப் பாவமே! அண்ணன் ஏதோ சிக்கல்ல இருக்கார் போலிருக்கு."

உண்மையாகவே வேறொரு செய்தியில் ஆறு எண்கள் வந்திருந்தன. அவற்றின் கீழே, 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றும் எழுதியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதாமேப்பா?"

"அண்ணன் என்ன யாரோவா? தினமும் பார்க்கற மனுஷன்."

நண்டுவுக்கு என்னவோ சரியாகப் படவில்லை. "ரொட்டிக்கடைப் பெரியப்பா என்னைக்குப்பா உங்களை சார்னு கூப்பிட்டாரு? தம்பின்னுதானே கூப்பிடுவாரு?"

"எழுதும்போது எல்லாரும் மரியாதையாத்தான் எழுதுவாங்க."

"அவர் எழுதவே மாட்டாரேப்பா!"

அது உண்மை. ரொட்டிக்காரரின் கை எப்போதும் மாவில்தான் இருக்கும். அதனால் குரல் செய்திதான் அனுப்புவார். 'தம்பீ! பன்னு ரெடி! நண்டை அனுப்பு!' என்று போன் அதிரும். கை முழுக்க மாவை வைத்துக்கொண்டு போனை எப்படித்தான் அழுத்துகிறாரோ, அது நண்டுவுக்குப் புரியாத புதிர்.

அப்பா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அடுத்தவருக்குக் கஷ்டம் என்றால் அவருக்கு வேறெதுவும் தோன்றாது. கடுகளவு ஸ்பிரிங்கைக்கூட லாகவமாகப் பிடிக்கும் விரல், போன் திரையைக் கண்டதும் தடுமாறும். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். முதல் எண். இரண்டாவது எண்.

'டிங்.' "சீக்கிரம் சார்" என்று வந்தது.

"இதோ, இதோ" என்று போனுக்கே பதில் சொன்னார் அப்பா.

நண்டு எழுந்து ஜன்னல் வழியாக எதிர்க்கடையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்காரர் நின்றிருந்தார். முழங்கை வரை மாவுக்குள். தூக்கித் தூக்கிப் பிசைந்துகொண்டிருந்தார்.

'டிங்' என்றது போன் மறுபடியும்.

அவர் கை மாவை விட்டு வெளியே வரவே இல்லை!

நண்டு பாய்ந்து வந்தாள். சோப்புக் கட்டியை எடுத்துப் போன் திரைமேல் 'தொப்' என்று வைத்தாள்.

"ஏய்! அஞ்சு எண்ணு அடிச்சுட்டேன், இன்னும் ஒண்ணுதான்!"

"முதல்ல அங்க பாருங்கப்பா. பெரியப்பாவோட ரெண்டு கையும் எங்க இருக்கு?"

அப்பா பார்த்தார். சோப்புக்கு அடியில் போன் இன்னொரு தடவை ஒலித்தது. எதிரே ரொட்டிக்காரர் மாவைப் புரட்டிப் போட்டார்.

அப்பா சோப்பைப் பார்த்தார். அதிலிருந்த தடத்தைப் பார்த்தார்.

"அடக் கடவுளே" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "அந்த ஆளை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, இப்ப நானே சாவியைச் சோப்புல அமுக்கப் போனேனே!"

அடித்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தார். எதுவும் மிச்சமில்லையே என்று திரையை இன்னொரு தடவை பார்த்தார். நண்டுவுக்கும் பயமாகத்தான் இருந்தது.

"இதை அனுப்பியிருந்தா இந்தத் திருடன் என் மெசேஜ் கணக்குக்குள்ள என் பேர்ல புகுந்திருப்பான். 'உங்க சாவியைப் படம் எடுத்து அனுப்புங்க'ன்னு கேட்டிருப்பான். நம்ம தெருவே யோசிக்காம அனுப்பியிருக்கும், நண்டு."

இருவரும் எதிர்க்கடைக்கு ஓடினார்கள்.

"அட, அதை ஏன் கேக்கறே தம்பி!" என்றார் ரொட்டிக்காரர். "காலையில ஒருத்தன் கூப்பிட்டு, வந்திருக்கற நம்பரைச் சொல்லலைன்னா மெசேஜ் கணக்கை மூடிடுவோம்னான். சொன்னேன். அப்போலேர்ந்து மெசேஜ் எதுவும் திறக்க மாட்டேங்குது."

நடந்ததை அப்பா சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப என் பேரைச் சொல்லி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கானா? நான் இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு ரொட்டி விப்பேன்?"

"நானும் அஞ்சு எண்ணை அடிச்சவன்தாண்ணே" என்றார் அப்பா.

நண்டுவுக்கு ரொட்டிக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கவலைப்படாதீங்க பெரியப்பா. அவன் போன்லதானே கேக்கறான்? நாம நேர்லயே போய்ச் சொல்லிடலாம்."

ரொட்டிக்கடை வாசலில் இருந்த கரும்பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: 'என் போனில் யாரோ புகுந்துவிட்டார்கள். என் பெயரில் எண் கேட்டால் கொடுக்காதீர்கள். என்னிடம் பன் மட்டும் கேளுங்கள்.'

பிறகு அப்பா தெருவின் ஒரு பக்கமும் நண்டு மறுபக்கமும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். தையல்கார அக்காவுக்கும் அதே செய்தி வந்திருந்தது.

"நம்பரைப் படிக்கலாம்னு கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கேன், கிடைக்கவே மாட்டேங்குது" என்றார் அக்கா.

"உங்க தலைமேலதான் இருக்குக்கா. நல்லவேளை, கிடைக்கலை!"

மாலையில் மூவரும் ரொட்டிக்கடையில் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்காரர் போனைத் தொட வேண்டுமென்றால் முதலில் கை கழுவ வேண்டுமே! அப்பா சோப்பை நீட்டினார். ரொட்டிக்காரர் தேய்த்த தேய்ப்பில் சாவித் தடம் நுரையோடு போய்விட்டது. யாருடைய வீடோ, பிழைத்தது.

கணக்கை மறுபடி திறக்க முயன்றதும், ரொட்டிக்காரரின் போனுக்குப் புதிதாக ஓர் எண் வந்தது. அதை அவரே தன் கையால் போட்டதும் கணக்கு திரும்பக் கிடைத்தது. திருடன் வெளியே போனான்.

"இன்னொரு பூட்டும் போட்டுடுங்க பெரியப்பா. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசிய எண்ணு" என்றாள் நண்டு.

"கடை நம்பரையே வச்சிடவா?"

"அது வாசல்ல பெரிசா எழுதியிருக்கே!"

"அப்படின்னா..." என்று யோசித்தவர், முகம் மலர்ந்து, "ஆங், கிடைச்சிடுச்சு! அது என்னன்னா..." என்று வாயைத் திறந்தார்.

அப்பாவும் நண்டுவும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லாதீங்க!" என்று கத்தினார்கள்.

மறுநாள் காலையில் கடைப் போன் ஒலித்தது. 'தம்பீ! பன்னு ரெடி! நண்டை அனுப்பு!'

அப்பா சந்தேகமாக நண்டுவைப் பார்த்தார். இருவரும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே ரொட்டிக்காரர் மாவுக் கைகள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, குனிந்து, போன் திரையை மூக்கால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அவரேதான்ப்பா" என்று சொல்லிவிட்டு, பன் வாங்க ஓடினாள் நண்டு.